அம்மைப்பாலும் நம் பிள்ளைகளும்

வெள்ளி விழா மலர் என்றால் கல்வி, நிலம், அரசுப் பணி, குடியிருப்பு மனை ஆகியவை பற்றிக் கட்டுரைகள் அமைதல் மரபு. அவை அமைய வேண்டியனவே. ஆயினும், பிள்ளை பிறந்த சில மணி நேரத்திலேயே நம் வீட்டுத் தாயும் தந்தையும் முடிவு செய்ய வேண்டியதாகிய ஒன்றின் வரலாற்றை ஈண்டு எழுத முற்படுகிறோம். குழந்தைக்குத் தடுப்பூசி போடுவதா, சற்றுப் பொறுப்பதா, போடாமலே விடுவதா என்பதே அது. அரசுப் பள்ளியில் பணியாற்றுவோர்க்கு, "போடலாமா சார்?" என்னும் வினா புதிதன்று. அவ்வினாவை அறியாமை என்று தள்ளுவோர் படித்தவர்களிலும் பலர் உளர். அங்ஙனம் தள்ளுவதே வரலாறு அறியாமை என்பது நம் கருத்து. நம் மக்கள் தயங்குவதற்குக் காரணம் உண்டு. அக்காரணம் இருநூறு ஆண்டுப் பழமை உடையது. அதே இருநூறு ஆண்டுகள் தடுப்பூசியால் பிழைத்த உயிர்களின் கணக்கையும் தம்முள் கொண்டுள்ளன. இரண்டையும் ஒருசேர அறிந்தவரே சரியாக எடைபோட இயலும்.

பெரியம்மையை நம் முன்னோர் வைசூரி என்றனர். நோய் என்று சொல்லவும் அஞ்சி, "ஆத்தா வந்திருக்கிறாள்", "முத்துப் போட்டிருக்கிறது" என்றனர். வாயிலில் வேப்பிலை செருகப்படும். வீட்டில் தாளிதம் நிற்கும். புறத்தார் உள்ளே வாரார். மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை பிள்ளை வெளியே போகாது. இவை மூடப் பழக்கம் என்று நகைப்போர் ஒன்றை மறக்கின்றனர். வாயிலில் தொங்கிய வேப்பிலை, 'இவ்வீட்டினுள் நுழையற்க' என்று எழுத்தறியாத ஊருக்கும் அறிவித்த பலகையாகும். நோயரைத் தனிமைப்படுத்தும் முறையை நம் பாட்டிமார் அறிந்தே இருந்தனர். ஆயினும் தனிமைப்படுத்துதல் வந்த நோயைத் தணிக்காது. பெரியம்மையின் கொடிய வகை கண்டவருள் பத்துப் பேரில் ஏறத்தாழ மூவர் மாண்டனர். பிழைத்தவர் முகத்தில் தழும்பு. பலருக்குப் பார்வையும் போயிற்று.

ஆடி மாதத்தில் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேரைப் பிரெஞ்சு ஆளுநரே வடம்பிடித்துத் தொடங்கிவைக்கும் வழக்கம் இருந்தது. இன்றும் துணைநிலை ஆளுநர் அவ்வாறு செய்வதைக் காண்கிறோம். அம்மன் முன் ஆள்வோரும் ஆளப்படுவோரும் ஒன்றாய் நின்ற அந்நாட்களில், நகரின் நடுவே வாய்க்கால் ஓட, அதற்குக் கிழக்கே வெள்ளையர் நகரமும் மேற்கே கறுப்பர் நகரமும் இருந்தன. நம் சேரிகளோ இவ்விரண்டுக்கும் புறத்தே இருந்தன. கிணற்றுக்கும் தெருவுக்கும் கோயிலுக்கும் கோடு கிழிக்கத் தெரிந்தவர்களால் அம்மைக்கு மட்டும் கோடு கிழிக்க முடியவில்லை. சேரியில் தொடங்கினால் ஊருக்கும், ஊரில் தொடங்கினால் சேரிக்கும் அது தடையின்றிச் சென்றது.

1796ஆம் ஆண்டில் எட்வர்டு ஜென்னர் என்னும் ஆங்கில மருத்துவர், மாட்டம்மைப் புண்ணின் நீரை ஒரு சிறுவனின் கையில் கீறி ஏற்றினார். அச்சிறுவன் அவருடைய தோட்டக்காரரின் மகன் என்பதைப் பாடநூல்கள் விரைந்து கடந்து செல்லும். நாம் சற்று நின்று காணவேண்டிய இடம் அது. புதிய மருந்தின் முதற் கை, பெரும்பாலும் பணியாளர் வீட்டுப் பிள்ளையின் கையாகவே இருந்துவந்துள்ளது.

அந்நாளில் குளிர்பதனப் பெட்டி இல்லை. அம்மைப்பால் சில நாட்களில் வீரியம் இழந்துவிடும். அதைத் தொலைதூரம் கொண்டுசெல்ல ஒரே வழி, உயிருள்ள கைகளே. ஒரு குழந்தைக்குக் குத்தி, எட்டாம் நாள் அளவில் கொப்புளம் பழுத்ததும், அதன் நீரை எடுத்து அடுத்த குழந்தைக்குக் குத்துவார்கள். இவ்வாறு கைக்குக் கை மாற்றியே அம்மைப்பால் பாக்தாது, பாசுரா வழியாகப் பம்பாய் வந்து சேர்ந்தது. 1802ஆம் ஆண்டு சூன் 14ஆம் நாள் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்றின் கையில் அது பற்றியது. அக்குழந்தையின் கையிலிருந்தே இந்தியாவின் பிற பகுதிகளுக்கும், சென்னைக்கும் அது பரவிற்று. அடுத்த ஆண்டில் இசுபானிய அரசன் தன் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அம்மைப்பால் அனுப்பியபோது, கப்பலில் ஏற்றப்பட்டவர்கள் 22 அனாதைச் சிறுவர்கள். நடுக்கடலில் ஒருவன் கையிலிருந்து மற்றவன் கைக்கு மருந்து மாறிக்கொண்டே சென்றது. அச்சிறுவர்களை விருப்பமா என்று கேட்பதற்கு அவர்களுக்குப் பெற்றோர் இல்லை.

அம்மைப்பால் தென்னாட்டை அடைந்த அக்காலத்தில் புதுச்சேரியும் ஆங்கிலேயர் கையிலேயே இருந்தது. 1793இல் அவர்கள் பிடித்த நகரம் 1816இல்தான் பிரெஞ்சுக்காரரிடம் மீண்டது. ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதிகளில் கைக்குக் கை மாற்றும் முறை நெடுங்காலம் நடந்தது. அதற்குக் கை கொடுத்த பிள்ளைகள் யார்? ஏழைகளின் பிள்ளைகள், தாழ்த்தப்பட்டோரின் பிள்ளைகள். அம்மை குத்துவோர் சிறு தொகை கொடுத்து அப்பிள்ளைகளை ஊர் ஊராக அழைத்துச் சென்றனர். பழுத்த கொப்புளத்தைக் கீறி நீர் எடுத்தனர். உயர்சாதியார் பலர் அம்மை குத்திக்கொள்ள மறுத்தமைக்கு, அந்நீர் தீண்டத்தகாத குழந்தையின் உடலிலிருந்து வந்தது என்பதும் ஒரு காரணமாகும். தொட்டால் தீட்டு என்றவர்களின் குருதியில் நம் பிள்ளைகளின் கைநீர் கலந்து அவர்களை வாழவைத்தது! இதைவிடப் பெரிய விந்தையை நாம் வரலாற்றில் அதிகம் கண்டதில்லை.

உயர்சாதியாரின் தயக்கத்தை அரசு எங்ஙனம் நோக்கியது என்பதும் கருதத்தக்கது. சென்னையில் பணியாற்றிய எல்லிசு துரை, திருக்குறளுக்கு உரை கண்டவர் என்று நாம் போற்றுபவர், அம்மைப்பால் தெய்வத்தின் கொடை என்று விளங்கும்படி பழங்கதை வடிவில் ஒரு தமிழ் உரைநடையே எழுதினார். மேலோரின் மனத்தை மாற்ற நூல் எழுதப்பட்டது. கை கொடுத்த குழந்தையின் தாயிடம் விளக்கிச் சொல்ல எவரேனும் ஒரு துண்டுத் தாள் எழுதினாரா? எழுதியதாக நாம் படித்த எந்த நூலிலும் இல்லை. அவளது அச்சமோ பொருளற்றதன்று. ஒரு முறை கீறிய கையை எட்டாம் நாள் மீண்டும் கீறினால் புண் ஆறாது. ஒருவர் உடலில் இருந்த வேறு நோய், பறங்கிப்புண் உட்பட, அடுத்தவருக்கு ஏறுவதும் உண்டு. மருத்துவர்களே இதை ஒப்புக்கொண்டமையாற்றான் பின்னர்க் கன்றுக்குட்டியின் தோலில் அம்மைப்பால் வளர்க்கும் முறை வந்தது. 1899இல் கிண்டியில் நிறுவப்பட்ட கிங் நிலையம் அப்பணிக்கென்றே தொடங்கப்பட்டதாகும்.

அஞ்சியவர்கள் நம் மக்கள் மட்டும்தாமா? இங்கிலாந்தில் 1853இல் அம்மை குத்துதல் கட்டாயமாக்கப்பட்டபோது, அந்நாட்டுத் தொழிலாளர் ஆண்டுக்கணக்கில் எதிர்த்தனர்; தண்டம் கட்டினர்; சிறை சென்றனர். 1885இல் லெசுட்டர் நகரில் பல்லாயிரவர் ஊர்வலம் போயினர். இறுதியில் 1898ஆம் ஆண்டுச் சட்டம், மனச்சான்றின்படி மறுக்கும் பெற்றோர்க்கு விலக்கு அளித்தது. வெள்ளைக்காரத் தொழிலாளி மறுத்தால் அது மனச்சான்று. சேரித் தாய் மறுத்தால் அது மூடத்தனம். சொற்களுக்கும் சாதி உண்டு போலும்.

மறுபக்கத்தையும் சொல்லாவிடில் நடுநிலை ஆகாது. அமெரிக்கப் பேரறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின், ஜென்னருக்கு முந்திய பழைய முறையில் அம்மை ஏற்றுவதற்குக் காலம் தாழ்த்தினார். 1736இல் அவருடைய நான்கு வயது மகன் பெரியம்மையில் இறந்தான். ஊசியால் பிள்ளைக்கு ஏதேனும் ஆகிவிட்டால் என் மனம் ஆறாது என்று அஞ்சும் பெற்றோர், ஊசி இன்மையால் ஏதேனும் ஆகிவிட்டாலும் மனம் ஆறாது என்பதை எண்ண வேண்டும் என்று அவர் தம் வரலாற்றில் வருந்தி எழுதினார். செய்தலும் ஒரு முடிவு, செய்யாமையும் ஒரு முடிவு. எடைபோடும்போது இரண்டு தட்டிலும் பொருள் வைத்தாக வேண்டும்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். காசநோய்க்குரிய பி.சி.ஜி. ஊசியைக் கண்டவர்கள் கால்மெட், கெரான் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர். அவர்களுள் கால்மெட், 1891இல் சைகோன் நகரில் பாசுடர் நிலையத்தைத் தொடங்கி நடத்தியவர். புதுச்சேரியிலிருந்து கப்பலேறி நம்மவர் பலர் பணிக்குச் சென்ற அதே சைகோன்தான். 1921இல் முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுக்கப்பட்ட அவ்வூசி மருந்து, 1930இல் செருமனியின் லூபெக் நகரில் பெருந்துயர் விளைத்தது. ஆய்வுக்கூடத்தில் நோய்க்கிருமி கலந்துவிட்டமையால் எழுபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தன. மருந்தின் குற்றமன்று, கையாண்டவர் குற்றம் என்பது பின்னர் நிறுவப்பட்டது. பிள்ளையை இழந்தவளுக்கு அவ்வேறுபாடு என்ன ஆறுதல் தரும்?

விடுதலைக்குப் பின் கிண்டியிலேயே பி.சி.ஜி. ஊசி உற்பத்தியாகி நாடெங்கும் போடப்பட்டபோது, அதை வெளிப்படையாக எதிர்த்து 1955இல் நூல் வெளியிட்டவர் இராசகோபாலாச்சாரியார். நாட்டின் தலைமை ஆளுநராகவும் சென்னை முதலமைச்சராகவும் இருந்தவர் அவர். அவரை எவரும் படிப்பறிவில்லாதவர் என்று சொல்லவில்லை. நாளேடுகள் அவர் வினாக்களை அச்சிட்டன, அமைச்சர்கள் விடையிறுத்தனர். அரசு தன் திட்டத்தைத் தொடர்ந்தது. பின்னர்ச் செங்கற்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய மாபெரும் ஆய்வில் இரண்டரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் ஆராயப்பட்டனர். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசத்தை இவ்வூசி தடுப்பதாகத் தெரியவில்லை என்று 1979, 1980ஆம் ஆண்டுகளில் அதன் முடிவு வந்தது. எனினும் பச்சிளங் குழந்தைகளை மூளைக் காய்ச்சலாக வந்து கொல்லும் காசத்திலிருந்து அது காக்கிறது என்பது வேறு ஆய்வுகளால் உறுதிப்பட்டுள்ளது. அதனாற்றான் இன்றும் பிறந்தவுடன் அது போடப்படுகிறது. ஊசி என்ன செய்யும், என்ன செய்யாது என்பது, கேட்டதனாலும் ஆராய்ந்ததனாலும் வெளிப்பட்டது. கேட்பவர் பெரிய மனிதராயிருந்தால் விடை கிடைக்கிறது என்னும் உலகியலையும் நாம் இதனோடு சேர்த்துப் படித்துக்கொள்ளலாம்.

பெரியம்மையின் முடிவு யாவரும் அறிந்ததே. இரு முனை ஊசி வந்தது. வெப்பம் தாங்கும் உலர்மருந்து வந்தது. நோயாளியைக் காட்டிக்கொடுத்தால் ஆயிரம் ரூபாய் பரிசு என்று சுவர்களில் எழுதப்பட்டது. 1975 மே மாதத்தோடு இந்திய மண்ணில் நோய் ஒழிந்தது. 1980 மே 8ஆம் நாள் உலகமே விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. மனித குலம் முற்றாக அழித்த ஒரே மனித நோய் இஃதொன்றே. அதன் கடைசிக் கட்டத்தில் வடநாட்டுப் பழங்குடிச் சிற்றூர்கள் சிலவற்றில் இரவில் வீடு புகுந்து வலிந்து ஊசி போட்டனர் என்பதையும் வரலாற்றாசிரியர்கள் பதிந்துள்ளனர். அதே காலத்தில்தான் நெருக்கடி நிலையின் கட்டாயக் கருத்தடையும் வந்தது. பிற்காலத்தில் இளம்பிள்ளை வாதச் சொட்டு மருந்து வந்தபோது, 'பிள்ளை பிறக்காமல் செய்யும் மருந்து' என்று வடநாட்டு ஏழை மக்கள் அஞ்சியதன் வேர் அங்கே உள்ளது. சொட்டு மருந்து வென்றது. 2011 சனவரிக்குப் பின் இந்நாட்டில் எந்தக் குழந்தையும் காட்டு வகைப் போலியோவால் முடமாகவில்லை. 2014 மார்ச்சில் அதற்குச் சான்றும் கிடைத்தது. கால் சூம்பிய பிள்ளைகளை ஒவ்வொரு தெருவிலும் கண்டு வளர்ந்த நம் தலைமுறைக்கு இதன் அருமை தெரியும். இன்றைய இளைஞர்க்கு அக்காட்சியே இல்லை. ஆதலால் மருந்தின் தேவையும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

தலைமையாசிரியர்கள் எல்லாரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 2009ஆம் ஆண்டில் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குசராத்தின் வடோதராவிலும், கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி பல்லாயிரம் சிறுமியர்க்கு ஒரு திட்டத்தின் கீழ்ப் போடப்பட்டது. கம்மத்துச் சிறுமியருள் பலர் பழங்குடியினர். விடுதியில் தங்கிப் படித்தவர்கள். சில சிறுமியர் இறந்தனர். இறப்புக்கும் ஊசிக்கும் தொடர்பு காணப்படவில்லை என்று விசாரணை கூறிற்று. ஆனால் பெற்றோரின் ஒப்புதல் படிவங்களில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களும் தலைமையாசிரியர்களும் கையொப்பம் இட்டிருந்தனர் என்பது வெளிவந்தது. 2010இல் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013இல் நாடாளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது. அவ்வூசி புற்றுநோயைத் தடுக்கும் நல்ல ஊசி என்பதில் இன்று ஐயமில்லை. நல்ல ஊசிக்கும் ஒப்புதல் வேண்டும். பெற்றோர் தொலைவில் உழைக்கிறார்கள், எழுத்தறியார், வந்து சேரார் என்பன நம் பேனாவை அவர்கள் பெயரில் ஓட்டுவதற்கு உரிமை தாரா.

இப்பின்னணியோடு புதுச்சேரிக்கு வருவோம். 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் நாட்டிலேயே முதன்முதலாகத் தொடங்கிய ஐந்து இடங்களுள் புதுச்சேரி ஒன்று. தமிழ்நாடு, கருநாடகம், கோவா, இலட்சத்தீவு ஆகியவை மற்றவை. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்குட்பட்ட அனைவருக்கும், முன்னர்ப் போட்டவர்க்கும் சேர்த்து, போடுவது திட்டம். பள்ளிகளே ஊசி போடும் இடங்களாயின. முகாம் தொடங்குமுன்பே கைப்பேசிகளில் வாட்ஸ்அப் வழியாகக் குரல் பதிவுகள் உலவின. இது அயல்நாட்டுச் சதி, மலடாக்கும், மனவளர்ச்சி குன்றும் என்றெல்லாம் பேசியவர் எவர் என்று இன்றுவரை நாம் அறியோம். "போட வேண்டாம்" என்று எழுதிய சீட்டுகளைப் பிள்ளைகள் பையில் கொண்டுவந்தனர்.

பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்திற்கு அன்று வந்தது போல் கூட்டம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. சுகாதார நிலையத்துச் செவிலியரும் மருத்துவரும் வந்திருந்தனர். முதல் வினாவை எழுப்பியவர், மீன் விற்று வந்த கூடையைச் சுவரோரம் வைத்துவிட்டு அமர்ந்த ஒரு தாய். "இது நம்ம புள்ளைங்களுக்கு மட்டுந்தானா சார், இல்ல காசு கட்டிப் படிக்கிற பள்ளிக்கூடத்துலயும் போடறாங்களா?" என்று கேட்டார். இக்கட்டுரையில் இதுவரை கூறிய இருநூறு ஆண்டு வரலாறும் அவ்வொரு வினாவில் அடங்கியிருந்தது. எல்லாப் பள்ளிகளிலும் ஒரே மருந்து, ஒரே நாட்களில் என்பது விடை. மருத்துவர் தம் சொந்த மகளுக்கும் போட்டிருப்பதைச் சொன்னார். அதன் பின்பே மற்றவர்கள் பேசத் தொடங்கினர்.

ஏற்கெனவே போட்டாயிற்றே, மீண்டும் எதற்கு என்றார் ஒருவர். ஒன்பதாம் மாதத்தில் ஒரு முறை போட்டால் நூற்றுக்கு எண்பத்தைந்து பிள்ளைகள் அளவுக்கே பாதுகாப்புப் பெறுவர். இரண்டாவது போடும்போது அது தொண்ணூற்றைந்தைத் தாண்டும். தட்டம்மை கண்ட ஒரு பிள்ளை, பாதுகாப்பற்ற பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேர்க்கு அதைத் தரவல்லது. ஓர் அறையில் ஆறு பேர் உறங்கும் குடியிருப்பில் இக்கணக்கு என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. மணல்வாரி எல்லாப் பிள்ளைக்கும் வருவதுதானே, வந்து போகட்டுமே என்றார் ஒரு முதியவர். வந்து போவது உண்மை. சத்துணவு குறைந்த பிள்ளைக்கு அது நுரையீரல் காய்ச்சலாகவும் வயிற்றுப்போக்காகவும் மாறி உயிரைக் கொண்டுபோவதும், உயிர்ச்சத்து 'ஏ' குறைந்த பிள்ளையின் கண்ணை அவிப்பதும் உண்மை. ரூபெல்லா பிள்ளைக்குச் சிறு காய்ச்சல்தான். கருவுற்ற தாய்க்கு அது தொற்றினால் வயிற்றுப் பிள்ளை செவிடாகவோ குருடாகவோ இதயக் கோளாற்றுடனோ பிறக்கும். 1941இல் ஆசுத்திரேலியக் கண் மருத்துவர் ஒருவர் கண்டறிந்த உண்மை இது.

மனவளர்ச்சி பற்றிய அச்சத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. 1998இல் இங்கிலாந்தில் வேக்ஃபீல்டு என்னும் மருத்துவர் 12 குழந்தைகளைக் காட்டி எழுதிய கட்டுரையே அதன் ஊற்று. அக்கட்டுரையை வெளியிட்ட ஏடே 2010இல் அதைத் திரும்பப் பெற்றது. அவருடைய மருத்துவப் பதிவும் நீக்கப்பட்டது. பிற்பாடு 2019இல் தென்மார்க்கு நாட்டார் ஆறரை இலட்சத்திற்கு மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து, அத்தகைய தொடர்பு இல்லை என்று கண்டனர். பன்னிரண்டு பிள்ளைகளின் பொய் கடல் கடந்து நம் தெருவுக்கு வந்தது. ஆறரை இலட்சத்தின் மெய் வந்து சேரவில்லை.

மிகக் கடினமான வினா ஒன்றும் எழுந்தது. திருவள்ளூரில் பிள்ளைகள் செத்தார்களே என்றார் ஒரு தந்தை. அவர் கூறியது மெய். 2008 ஏப்ரலில் அம்மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் இறந்தனர். அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று மழுப்பியிருந்தால் அன்றைய கூட்டம் கலைந்திருக்கும். செவிலியர் மழுப்பவில்லை. இம்மருந்து பொடியாக வரும், அதற்கென்று வரும் நீரில் மட்டுமே கலக்க வேண்டும், கலக்கிய நான்கு மணி நேரத்திற்குப் பின் எஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும், இவற்றில் தவறு நேர்ந்தால் ஆபத்து என்று வெளிப்படையாகச் சொன்னார். பின்னர்க் குப்பி ஒன்றை எடுத்து அதன் மேலுள்ள சிறு வட்டத்தைக் காட்டினார். வட்டத்தின் நடுவே ஒரு சதுரம். சதுரம் வெளுப்பாக இருந்தால் மருந்து நன்று, சுற்றியுள்ள வட்டத்தைப் போலக் கறுத்துவிட்டால் வெப்பம் பட்டுக் கெட்டது என்று பொருள். எழுதப் படிக்கத் தெரியாத கண்ணும் இதைக் காணலாம். குப்பி கை மாறிக் கூடத்தைச் சுற்றி வந்தது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் கையைக் கொடுத்தவர்களின் வழிவந்தோர் அன்று மருந்தைக் கையில் வாங்கிப் பார்த்தனர்.

எல்லாரும் ஒப்பினரா என்றால் இல்லை. சில பெற்றோர் மறுத்தனர். அவர்கள் பிள்ளைகளை நாம் வகுப்பிலேயே அமர்த்தினோம், வற்புறுத்தவில்லை. மற்றவர்க்குப் போட்டு, அரை மணி நேரம் நிழலில் உட்காரவைத்து, கட்டை விரலில் மை வைத்து அனுப்பினோம். மறுத்தவருள் பாதிப்பேர் அடுத்த வாரம் தாமாகவே வந்தனர். பக்கத்து வீட்டுப் பிள்ளை நன்றாக இருக்கிறது என்பதைக் கண்டதைவிட வேறு சான்று அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

கொரோனாக் காலத்தில் வேறு வகைக் காட்சிகளைக் கண்டோம். 2021 டிசம்பரில் புதுச்சேரி சுகாதாரத் துறை, 1973ஆம் ஆண்டுப் பொது சுகாதாரச் சட்டத்தின் கீழ்த் தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது. அதே மாதத்தில் நம் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், ஊசி போட வந்தோரைக் கண்டு ஒருவர் மரத்தின் மேல் ஏறிக்கொண்ட படம் நாடெங்கும் பரவிச் சிரிப்பை மூட்டிற்று. நமக்குச் சிரிப்பு வரவில்லை. கீழே நின்று படம் எடுத்தவர்கள் அத்தனை பேருள் ஒருவரேனும் அம்மனிதரை, எதற்கு அஞ்சுகிறாய் என்று அமைதியாகக் கேட்டனரா என்பதே நம் எண்ணமாயிற்று. 2022 மே 2ஆம் நாள் உச்சநீதிமன்றம், எவரையும் வலிந்து ஊசி போட வைத்தல் ஆகாது, தன் உடல்மேல் ஒருவர்க்குள்ள உரிமை அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. மக்கள் நலன் கருதி நியாயமான வரம்புகளை அரசு விதிக்கலாம் என்றும், ஊசிக்குப் பின் நேரும் கெடுதிகளின் விவரங்களைப் பொதுமக்கள் காணுமாறு வெளியிட வேண்டும் என்றும் அதே தீர்ப்பு கூறிற்று. அண்ணல் அம்பேத்கர் தலைமையில் வரையப்பட்ட சட்டத்தின் அப்பிரிவு, சேரித் தாயின் கையணைப்பில் இருக்கும் குழந்தைக்கும் உரியது. ஊசி வேண்டும் என்று கேட்டுப் பெறுவதும், குறித்த நாளில் செவிலியர் வராவிடில் ஏன் வரவில்லை என்று கேட்பதும், போடுவது என்ன என்று அறிவதும் ஒரே உரிமையின் கிளைகளே.

2022 சனவரி 3ஆம் நாள் முதல் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட மாணவர்களுக்குக் கொரோனாத் தடுப்பூசி தொடங்கியபோது, நம் சங்கத்தின் மாலை வகுப்பில் பயின்று பதினோராம் வகுப்புக்கு வந்திருந்த மாணவி ஒருத்தி, கட்டட வேலை செய்யும் தந்தையுடன் வந்தாள். தன் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதற் பிள்ளை அவள். கையில் ஒரு நோட்டு; அதில் ஏழு வினாக்கள் எழுதியிருந்தாள். மருந்தின் பெயர் என்ன, எப்போது கெடும், இரண்டாம் தவணை எத்தனை நாள் கழித்து, காய்ச்சல் வந்தால் எத்தனை நாள் இருக்கும், மாதவிலக்கு நாளில் போடலாமா, ஏதேனும் நேர்ந்தால் எவரிடம் சொல்வது, அவர் இரவில் இருப்பாரா என்பன அவை. செவிலியர் ஒவ்வொன்றுக்கும் விடை சொல்ல, அவள் எதிரே குறித்துக்கொண்டாள். கடைசி வினாவுக்கு மட்டும் செவிலியர் சற்றுத் தயங்கி, பின் தம் கைப்பேசி எண்ணையே எழுதிக் கொடுத்தார். அவள் கையை நீட்டினாள். தந்தை, தமக்கும் இரண்டாம் தவணை நின்றுபோயிருக்கிறது என்று சொல்லி, மறுநாள் எந்தத் தெருவில் போடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.